ஜப்பான் ரோட்ஸ்டர்: கார் கப்பலா, கொண்டெய்னரா?

கேள்வி: ஐயா, நான் பரந்தனில் இருக்கிறேன். நகோயா ஏலத்தில் ஒரு மஸ்டா ரோட்ஸ்டர் பார்த்து வைத்திருக்கிறேன். 1.5 லீற்றர், மனுவல் கியர், துணிக் கூரை, உற்பத்தியாகி இரண்டு வருடமும் ஐந்து மாதமும் ஆகிறது. முன் பம்பருக்குக் கீழே ஒரு லிப் (மெல்லிய விளிம்புத் தகடு) பூட்டியிருக்கிறார்கள், மற்றதெல்லாம் கம்பனி நிலை. ஜப்பான் முகவர் மூன்று வழி சொல்கிறார்: கார் கப்பலில் அம்பாந்தோட்டைக்கு, அல்லது வேறு இரண்டு கார்களுடன் 40 அடி கொண்டெய்னரில் கொழும்புக்கு, அல்லது தனியாக 20 அடி கொண்டெய்னரில். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கொண்டெய்னர்தான் பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? சீல் உடைக்காமல் கொண்டெய்னரை வீடு வரை கொண்டுவர முடியுமா? காருக்குள்ளே கொஞ்சம் உதிரிப்பாகம் வைத்து அனுப்பச் சொல்லலாமா?

பதில்: தம்பி, உங்கள் காருக்குக் கார் கப்பல்தான் பொருத்தம். அதில் மிச்சமாகும் காசை முழுக் காப்புறுதிக்கும், துறைமுகத்திலிருந்து வீடு வரை ஏற்றிவரும் நல்ல கரியர் லொறிக்கும் கொடுங்கள். பகிர்வுக் கொண்டெய்னரை நான் கடைசியாகத்தான் வைப்பேன்.

கார் அடிபடுவது நடுக்கடலில் குறைவு. ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாறும்போதும்தான் கீறலும் நெளிவும் வரும். அதனால் எந்தக் கப்பல் என்று கேட்பதற்கு முன்னம், எத்தனை தரம் கை மாறும் என்று எண்ணிப் பாருங்கள். கார் கப்பலில் ஏல வளவிலிருந்து துறைமுக யார்ட்டுக்கு லொறியில் வரும், ஒரு சாரதி ஓட்டிக் கப்பலுக்குள் ஏற்றுவார், அம்பாந்தோட்டையில் இன்னொருவர் ஓட்டி இறக்குவார், பிறகு உங்கள் கரியர். பகிர்வுக் கொண்டெய்னரில் முதலில் பொதி செய்யும் யார்ட், அங்கே சாய்தளச் சட்டத்தில் ஏற்றிக் கட்டுவது, கிரேன், பெரும்பாலும் சிங்கப்பூரிலோ மலேசியாவின் போர்ட் கிளாங்கிலோ கப்பல் மாற்றம், கொழும்பில் மறுபடி கிரேன், பிறகு வேறொரு யார்ட்டில் பிரித்து இறக்குவது, அதற்குப் பிறகுதான் கரியர். பெட்டி பூட்டியிருப்பதால் உள்ளே ஒன்றும் நடக்காது என்ற நினைப்பு சரியில்லை. பூட்டுவதற்கு முன்னமும் திறந்த பிறகும் நடப்பதுதான் கூட.

கூலிக் கணக்கு தாழ்ந்த காருக்கு எப்படிச் சாதகம் என்று பாருங்கள். கார் கப்பலில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி வரும் கன மீற்றருக்குத்தான் கூலி. ரோட்ஸ்டர் 3915 மில்லிமீற்றர் நீளம், 1735 அகலம், 1235 உயரம். பெருக்கினால் 8.4 கன மீற்றர் வரும். ஒரு பெரிய குடும்ப வான் இதைப்போல் இரண்டு மடங்குக்குக் கிட்ட வரும். கொண்டெய்னருக்கோ பெட்டி முழுவதற்கும் ஒரே கூலி, சிறிய கார் என்று குறைக்க மாட்டார்கள். முகவர் தரும் விலைப்பட்டியலில் எத்தனை கன மீற்றர் என்று போட்டிருக்கிறார் என்று கட்டாயம் பாருங்கள். கப்பல் நிறுவனம் கம்பனி அளவை விட்டு நேரில் அளந்துதான் எடுக்கும். பின்னுக்கு உயர்ந்த ஸ்பொய்லர் பூட்டிய காரென்றால் அந்த உயரமும் சேரும். உங்கள் லிப் இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான் நீளத்தைக் கூட்டும், பொருட்படுத்தத் தேவையில்லை.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. சுங்கம் வரி போடுவது காரின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த பெறுமதிக்கு. ஆகவே கொண்டெய்னருக்கு நீங்கள் கூடக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சுங்கத் தீர்வை, அதன்மேல் 18 வீத வற் என்று மறுபடியும் கட்டுகிறீர்கள். எஞ்சின் கொள்ளளவுக்குப் போடும் உற்பத்தி வரி மட்டும் கூலியால் மாறாது. அந்த விதத்தில் மடங்கும் கெட்டிக் கூரையுள்ள 1997 சிசி ஆர்எஃப் மாதிரியை விட்டு 1496 சிசி காரைத் தெரிந்தது நல்ல முடிவு. சொகுசு வரிக்கும் ஒரு பெறுமதி எல்லை இருக்கிறது. உங்கள் கார் அந்த எல்லைக்குக் கிட்ட நின்றால் கூலி வித்தியாசம் எதைச் செய்யும் என்று, சுங்கத்தில் காரை விடுவித்துத் தரும் கிளியரிங் முகவரிடம் இரண்டு கணக்கும் போட்டு வாங்கிக்கொண்டு முடிவெடுங்கள்.

இப்போது தரை உயரம். ரோட்ஸ்டருக்குக் கம்பனி நிலையில் சுமார் 14 சென்ரிமீற்றர் இருக்கும், அது கப்பல் சரிவில் சாதாரணமாக ஏறும். பயம் அந்த லிப்புக்குத்தான். சரிவின் அடியில், தட்டையிலிருந்து மேட்டுக்கு மாறும் இடத்தில் முன் மூக்கு முதலில் தட்டும், தட்டினால் லிப் பிளக்கும், சில வேளை பம்பரின் கிளிப்பையும் இழுத்துக்கொண்டு போகும். முகவரிடம் சொல்லி லிப்பைக் கழற்றி, துணியில் சுற்றிக் கூரியரில் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் நாலைந்து ஸ்குரூவும் ஒட்டு நாடாவும்தான். பதிவு செய்யும்போதே காரின் மிகத் தாழ்ந்த இடத்தின் உயரத்தை அளந்து எழுதிக் கொடுங்கள். ஸ்பிரிங் வெட்டியோ கொயில்ஓவர் போட்டோ இறக்கிய காரென்றால் கப்பல் ஏற்ற மறுக்கவும் கூடும். கொண்டெய்னர் தேவைப்படும் கார் அதுதான். ஓடாத கார், எஞ்சின் கழற்றிய கார், மிக இறக்கிய கார், திரும்பக் கிடைக்காத பாகம் பூட்டிய கார், இந்த நாலுக்கும் கொண்டெய்னர். உங்களுடையது இதில் எதிலும் சேராது.

ஆனாலும் 20 அடிப் பெட்டி எப்படி என்று கேட்டதால் அதையும் சொல்கிறேன். பெட்டியின் உள் நீளம் 5.89 மீற்றர், கதவு அகலம் 2.34 மீற்றர். கார் நேராக நின்றால் இரண்டு பக்கமும் 30 சென்ரிமீற்றர் மிஞ்சும். அந்த இடத்தில் ரோட்ஸ்டரின் நீளமான கதவைத் திறந்து இறங்க முடியாது. கூரையை மடக்கிவிட்டு மேலால் ஏறித்தான் வெளியே வருவார்கள், சப்பாத்துக் காலால் இருக்கையை மிதிப்பார்கள். இருக்கைக்கு உறை போடச் சொல்லாமல் விட்டால் மண் தடம் நிச்சயம். கட்டும்போது பட்டியைச் சில்லின் மேலால் போட வேண்டும், இல்லையேல் காரோடு வந்த இழுவைக் கொளுக்கியில். சஸ்பென்ஷன் கையில் கொளுவி இறுக்கினால், கப்பல் ஆட ஆட அந்த இழுவை அதன் ரப்பர் புஷ்களில் இறங்கும், வந்த பிறகு வீல் எலைன்மென்ட் நிற்காது. சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை அடிப்பார்கள். அந்த மரத்தில் வெப்பம் கொடுத்துப் பதப்படுத்தியதற்கான எச்.டி. முத்திரை இல்லாவிட்டால் இங்கே தாவரத் தொற்றுத்தடுப்பில் பெட்டி நிற்கலாம். அதோடு பெட்டிக்குள் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறும்போது மேல்தகட்டில் நீர் கோத்துச் சொட்டும். துணிக் கூரையிலும் உள்விரிப்பிலும் பூஞ்சணம் பிடிப்பது அதனால்தான். ஈரம் உறிஞ்சும் பைகளைப் பெட்டிக்குள் தொங்கவிட வேண்டும். பொதி செய்வதற்கு முன் ஒருவர் வெறும் பெட்டிக்குள் நின்று கதவைச் சாத்தி, எங்காவது வெளிச்சம் ஊசியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெளிச்சம் வரும் ஓட்டையால் கடல்நீரும் வரும்.

மூன்று கார் போடும் 40 அடிப் பெட்டியின் உள் நீளம் 12.03 மீற்றர். சாதாரண கார் மூன்றைத் தரையில் வரிசையாக நிறுத்த இடமில்லை, ஆகவே ஒன்றையாவது சாய்தளத்தில் தூக்கி மற்றதன் மேல் நீட்டி வைப்பார்கள். மிகத் தாழ்ந்த கார் எதுவோ அதுதான் கீழே போகும், அதாவது உங்களுடையது. மேலே நிற்கும் காரின் பிரேக் எண்ணெயோ ரேடியேற்றர் நீரோ சொட்டினால் உங்கள் துணிக் கூரையில்தான் விழும். பிரேக் எண்ணெய் பெயின்ரையும் அரிக்கும். பணத்தால் வரும் தொல்லை அதைவிடப் பெரிது. அந்த மூவரில் ஒருவரின் கடதாசி பிந்தினாலும் பெட்டி திறக்காது, தாமதக் கட்டணம் மூவருக்கும் ஓடும். ஒன்றாகச் சேர்த்து அனுப்புபவர் உங்களுக்குத் தருவது தன்னுடைய பில் ஒஃப் லேடிங், அதாவது சரக்கை ஏற்றதற்கான பற்றுச்சீட்டு. கப்பல் நிறுவனத்தின் பில்லைத்தான் ஏற்போம் என்று உங்கள் வங்கி நாணயக் கடிதத்தில் (ஆவணம் சரியென்றால் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் எல்.சி.) எழுதியிருந்தால், ஆவணம் பொருந்தவில்லை என்று திருப்பிவிடும்.

வங்கி விடயத்தை இந்த இடத்திலேயே முடிக்கிறேன், ஏனென்றால் கப்பல் தெரிவை நாணயக் கடிதம் திறக்க முன்னம் முடித்துவிட வேண்டும். இறங்கும் துறைமுகம் கொழும்பு என்று எழுதிவிட்டுக் கார் கப்பலில் அனுப்பினால், கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்து நிற்கும், ஆவணமும் கடிதமும் முரண்படும். "இலங்கையின் எந்தத் துறைமுகமும்" என்று எழுதச் சொல்லுங்கள். கப்பல் மாற்றத்துக்கு அனுமதி உண்டு என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். கடைசி ஏற்றுமதித் திகதியை நெருக்கமாகப் போடாதீர்கள். கார் கப்பல் வாடகைக் கார்போல் நினைத்த நாளில் வராது, இடம் நிறைந்துவிட்டால் அடுத்த கப்பலுக்குத் தள்ளுவார்கள். பயணம் பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு கிழமை, ஆனால் நகோயா யார்ட்டில் காத்திருக்கும் காலம் அதைவிட நீளலாம். ஆவணங்களில் உங்கள் பெயர் தேசிய அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே இருக்க வேண்டும். எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னே ஓரிடம், பின்னே ஓரிடம், கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், அட்டையில் இன்னொன்று. இந்த ஒரு காரணத்தாலேயே ஆவணத் திருத்தத்துக்கு நாளும் காசும் போகும்.

வயதையும் கவனியுங்கள். இறக்குமதி செய்யும் கார்களுக்கு மூன்று வருட வயதெல்லை உற்பத்தித் திகதியிலிருந்து எண்ணப்படுகிறது. ஜப்பான் ஏற்றுமதிச் சான்றிதழில் இருப்பது முதல் பதிவுத் திகதி. ஹிரோஷிமாவில் செய்த கார் விற்பனையாளரின் வளவில் மாதக்கணக்கில் நின்றிருந்தால் இரண்டுக்கும் இடைவெளி வரும். நீங்கள் சொல்லும் இரண்டு வருடம் ஐந்து மாதம் எந்தத் திகதியிலிருந்து என்று முகவரிடம் உறுதிப்படுத்துங்கள். ஏலத்தில் எடுத்த நாளில் எல்லைக்குள் நின்றால் போதாது, கப்பல் ஏறும் நாளிலும் எல்லைக்குள் நிற்க வேண்டும். உற்பத்தியிலிருந்தே என்றால் ஏழு மாதம் கையில் இருக்கிறது, அவசரப்படத் தேவையில்லை. பதிவிலிருந்து என்றால் இந்தக் காரை விட்டு இன்னும் புதிய ஒன்றைப் பாருங்கள். ஏற்றுமதிக்கு முன்னான பரிசோதனைச் சான்றிதழும் கையில் வராமல் காரைக் கப்பலேற்ற விடாதீர்கள். பிறகு எடுத்துச் சரிசெய்யலாம் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

காப்புறுதிதான் நான் மிகவும் வற்புறுத்தும் இடம். முகவர் தந்த விலை சி அன்ட் எஃப் (கார் விலையும் கப்பல் கூலியும்) என்றால் அதற்குள் காப்புறுதி இல்லை. கப்பல் நிறுவனமே நட்டம் தரும் என்று இருந்துவிடாதீர்கள். கடல்வழிப் பொருட்கள் பற்றிய ஹேக்-விஸ்பி விதிகளின்படி அதன் பொறுப்புக்கு எல்லை உண்டு: ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது கூடவோ அது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ரோட்ஸ்டர் ஏறத்தாழ ஆயிரம் கிலோ. கார் முழுதாக அழிந்தாலும் கப்பல் நிறுவனம் தருவது 2000 எஸ்.டி.ஆர். அளவுதான், அது 3000 அமெரிக்க டொலருக்கும் குறைவு.

காப்புறுதியில் ஏ பிரிவு, சி பிரிவு என்று கேட்பார்கள். மலிவான சி பிரிவு தீ, மூழ்கல், மோதல் போன்ற பெரிய விபத்துக்கு மட்டும், கீறலுக்கும் நெளிவுக்கும் களவுக்கும் இல்லை. ஏ பிரிவு எடுங்கள், பெறுமதிக்கு மேல் 10 வீதம் கூட்டி எடுங்கள். அதிலும் பாவித்த காருக்குக் கீறல், நெளிவு, பெயின்ற் உதிர்வை விலக்கும் ஒரு வாசகம் சேர்ப்பார்கள். ஏற்றுமுன் நிலை அறிக்கையும் படங்களும் தருகிறேன், அந்த வாசகத்தை நீக்குங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெட்டிக்குள் வைத்தால் தீப் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு எக்ஸ்-பிரஸ் பேர்ள் நினைவிருக்கும். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்தது கொண்டெய்னர் கப்பல்தான். மறுவருடம் பெப்ரவரியில் அட்லாண்டிக்கில் தீப்பிடித்து மார்ச்சில் மூழ்கிய ஃபெலிசிட்டி ஏஸ் ஏறத்தாழ 4000 கார் ஏற்றிய கார் கப்பல். நெருப்புக்கு இரண்டும் ஒன்றுதான். செப்டம்பர் பக்கம் அனுப்புவதானால் ஜப்பான் யார்ட்டில் நிற்கும் நாட்களுக்கும் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 2018 செப்டம்பரில் ஜெபி சூறாவளி ஒசாக்கா விரிகுடாவில் கடலை ஏற்றியபோது, கரையோரம் நின்ற பாவித்த கார்கள் உப்புநீரில் தோய்ந்து மின்கசிவில் எரிந்தன. கப்பலில் ஏறவே இல்லை.

ஏற்றுமுன் முகவரிடம் என்ன கேட்க வேண்டும்? நாலு பக்கமும், நாலு றிம்மும், முன் மூக்கின் அடியும், கூரையின் மடிப்பும், கிலோமீற்றர் காட்டும் மானியும், திகதி தெரியும் படங்களாக வேண்டும். ஏலத் தாளில் ஏ1 (சிறு கீறல்), யு1 (சிறு நெளிவு) என்று குறித்த ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் படம். பெற்றோல் கால் தாங்கிக்கு மேல் இருக்கக் கூடாது. கியரைப் போட்டு ஹாண்ட்பிரேக்கும் இழுத்து நிறுத்துவார்கள். கிழமைக்கணக்கில் உப்புக் காற்றில் நின்ற பிறகு பிரேக் பாட் தட்டோடு ஒட்டியிருக்கும், அம்பாந்தோட்டையில் வேகமாக இழுக்காமல் முன்னும் பின்னும் மெல்ல அசைத்து விடுவிக்கச் சொல்லுங்கள். பற்றரி இறங்கித்தான் இருக்கும். அவசரத்தில் கேபிளை மாறிக் கொளுவி ஸ்ராட் பண்ணினால் பிரதான ஃபியூஸ் போகும், கொஞ்சம் துரதிர்ஷ்டமென்றால் எஞ்சின் கணினியும் போகும். சிறிய பூஸ்ரர் ஒன்றைக் கிளியரிங் முகவரிடம் கொடுத்து விடுங்கள்.

காருக்குள் உதிரிப்பாகம் வைக்கலாமா என்றால், வேண்டாம். கார் கப்பலில் தனிப்பொருள் ஏற்றவே விடமாட்டார்கள், வைத்தாலும் பல கைகள் திறக்கும் கார், வைத்தது மிஞ்சாது. கொண்டெய்னரில் வைக்கலாம், ஆனால் விலைப்பட்டியலிலும் பொதிப்பட்டியலிலும் ஒவ்வொன்றும் எழுதியிருக்க வேண்டும். எழுதாத பாகம் சுங்கத்தில் அகப்பட்டால் அந்தப் பாகத்தோடு காரும் நிற்கும். காரோடு வரவேண்டிய சின்னச் சாமான்களைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்: இரண்டாவது திறப்பு, நவிகேஷன் எஸ்.டி. அட்டை, பராமரிப்புப் புத்தகம், சில்லுப் பூட்டு நட்டின் சாவித்துண்டு. ரோட்ஸ்டருக்கு மேலதிகச் சில்லு இல்லை, காற்று நிரப்பும் சிறு பம்பும் ஒட்டும் திரவமும்தான் டிக்கியில் இருக்கும். நட்டுச் சாவி தொலைந்தால் கிளிநொச்சியில் ரயர் கழற்றவே வழியில்லாமல் போகும். இவற்றையும் கழற்றிய லிப்பையும் ஒரே பொதியில் கூரியருக்குப் போடுங்கள்.

சீல் உடைக்காமல் பரந்தன் வரை கொண்டெய்னர் என்பது நடைமுறையில் சரிவராது. சேசிஸ், எஞ்சின் இலக்கங்களைச் சுங்கம் நேரில் பார்க்க வேண்டும், அதற்குப் பெட்டியைத் துறைமுகத்தை அண்டிய யார்ட்டில் திறந்துதான் ஆக வேண்டும். அதற்குப் பிறகும் வெறும் பெட்டியைக் குறித்த நாளுக்குள் திருப்பிக் கொடுக்காவிட்டால் வைப்புப் பணத்தில் வெட்டு. அதோடு லொறியின் மேல் நிற்கும் பெட்டியின் தளம் தரையிலிருந்து ஆளின் நெஞ்சளவு உயரம். நீளமான சாய்தளம் இல்லாத இடத்தில் தாழ்ந்த காரை அதிலிருந்து இறக்கப் போனால், இவ்வளவு தூரம் காப்பாற்றி வந்த முன்பகுதியை வீட்டு வாசலில் உடைப்பதாக முடியும்.

அம்பாந்தோட்டையில் பாரம் எடுக்கும்போது, கையொப்பமிட முன்னம், பகல் வெளிச்சத்தில், ஜப்பான் படங்களோடு ஒப்பிட்டு ஒரு சுற்றுப் பாருங்கள். புதிய காயம் எதுவானாலும் வெளியேற்றுச் சீட்டிலேயே எழுதி அந்தப் பிரதியைப் படமெடுங்கள். உடனே தெரியாத சேதத்துக்குக் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க மூன்று நாள் இருக்கிறது, வழக்கென்று போவதானால் ஒரு வருடம். அதன் பிறகு அங்கிருந்து பரந்தனுக்கு 400 கிலோமீற்றருக்கு மேல். இலக்கத் தகடு இல்லாத காரை ஓட்டி வர யோசிக்கவே வேண்டாம். தளம் முழுதாகப் பின்னுக்குச் சரியும் கரியரைப் பிடியுங்கள், சில்லில் போடும் பட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், இரண்டு மீற்றர்ப் பலகை இரண்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். வவுனியாவைப் பகலில் தாண்டும்படி நேரத்தை வையுங்கள். ஓமந்தைக்கு மேல் இரவில் ஏ-9இன் சூட்டில் மாடுகள் படுத்திருக்கும், லொறி திடீரென்று பிரேக் அடித்தால் பட்டி முழுப் பாரத்தையும் தாங்க வேண்டிவரும். கார்த்திகை மார்கழி மழையானால் கூரையின் மேல் தறப்பாள் கட்டாதீர்கள், காற்றில் அடித்து அடித்துத் துணியைத் தேய்த்துவிடும், கூரையை நன்றாகப் பூட்டியிருந்தால் மழை ஒன்றும் செய்யாது. உங்கள் ஒழுங்கை கிரவலென்றால் கரியரை உள்ளே விடாமல் தார் ரோட்டோரம் மட்டமான இடத்தில் இறக்கி, லிப் பூட்டாமலே மெல்ல ஓட்டி உள்ளே கொண்டுபோங்கள். அன்றைக்கே அடிப்பகுதி முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உங்கள் கிணற்று நீர் உவர் என்றால் சேர்விஸ் நிலையத்தில் கழுவுவது நல்லது.